ஷூவுக்குள் தோள் திண்டு

கோட்டு தைக்கும் கடையில் அவளுக்குப் பெயர் ராக்கெட். எடுத்த வேலையைப் பாதியில் விடவும் மாட்டாள், நிதானமாகச் செய்யவும் மாட்டாள். அங்கேயே இஸ்திரி போடும் நாத்தனாரோடு அவளுக்கு ஒரு பந்தயம். பூங்காவில் நடக்கப்போகும் பெண்கள் ஓட்டத்தில் எவள் முந்துகிறாளோ, மதிய இடைவேளையில் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலி அவளுக்கு. வெயிலோ கொளுத்துகிறது. அந்தக் காற்றுக்காக ராக்கெட் உயிரையே கொடுப்பாள்.

முதல் நாளே பூங்காவைச் சுற்றோ சுற்றென்று சுற்றினாள். மறுநாள் அதைவிட அதிகம். வாரக் கடைசியில் முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்ஓரம் முழுக்க விண்விண்ணென்று தெறித்தது. அசருவாளா? கோட்டுத் தோளில் வைக்கும் பஞ்சுத் திண்டு இரண்டை ஷூவுக்குள் திணித்துக்கொண்டு மறுபடி ஓடினாள். வலி இரட்டிப்பானதுதான் மிச்சம்.

டாக்டரம்மா ஷூவைக் கழற்றச் சொன்னார். திண்டு கீழே விழுந்தது.

"ஏம்மா, உங்க கால் கோட்டு போட்டுக்கப் போகுதா?"

"மெத்துன்னு இருக்கட்டுமேன்னு..."

"எலும்பு உடையல. பழக்கமில்லாத காலைத் திடீர்னு இந்த விரட்டு விரட்டினா வலிக்காம என்ன செய்யும்? ஓட்டத்தை நிறுத்துங்க, ஐஸ் வைங்க, நல்ல ஷூ வாங்குங்க. வலி போனதும் நடங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஓடலாம். ஒரே இடத்துல குத்தினாலோ, சும்மா இருக்கும்போது வலிச்சாலோ உடனே வந்துடணும்."

பந்தயத்தன்று வலி போயிருந்தது. ஆனால் நடக்க மட்டும்தான் அனுமதி. விசில் ஊதியதும் நாத்தனார் சிட்டாய்ப் பறந்தாள். ராக்கெட்டுக்கு அழுகையே வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். காற்றும் போச்சு, மானமும் போச்சு!

பாதி வழி தாண்டியதும் பார்த்தால், ஓரமாக நாத்தனார் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, முன்னெலும்பு உயிர் போகுது!"

இப்படியே நடந்து போனால் போதும், நாற்காலி ராக்கெட்டுக்குத்தான். ஒரு கணம் போகத்தான் நினைத்தாள். ஆனால் குனிந்து நாத்தனாரின் ஷூவைக் கழற்றினாள். உள்ளே தோள் திண்டு.

"நீயுமாடி?"

"நீங்க வச்சதைப் பார்த்துதான் அண்ணி வச்சேன். ஏதோ ரகசிய வித்தைன்னு நினைச்சேன்!"

வயிறு வலிக்கச் சிரித்தார்கள். தோளில் கை போட்டுக்கொண்டு, நொண்டி நொண்டி, எல்லோருக்கும் கடைசியாக ஒன்றாகவே போய்ச் சேர்ந்தார்கள்.

இப்போது மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாற்காலிகள். ஐஸ் பை மட்டும் ஒன்றுதான். தினமும் சண்டை அதற்குத்தான்.