இடது ஜன்னல்காரர்

காசிவிசுவநாதனுக்கும் அன்னபூரணிக்கும் ஜாதகமே பார்க்கவில்லை. பர்மாவில், யாங்கூனின் பசுந்தாங் பேட்டையில் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பெயர்களைக் கேட்ட மாத்திரத்தில், "அப்புறம் என்ன, சாமியே முடிச்சுப் போட்டு வச்சிருக்கு" என்று தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். பெயர்ப் பொருத்தம் பார்த்தவர்கள் ஆள் பொருத்தம் பார்க்கவில்லை. அவர் பகலிலேயே கனவு காண்கிற மனிதர். அவளோ அதிகாலையில் எழுந்து பருப்பு அரைத்து வடை சுட்டுக் குண்டானோடு சந்தைக்கு ஓடுகிறவள். கனவு காண்பதற்குத் தூங்கக்கூட அவளுக்கு நேரம் கிடைத்ததில்லை.

காசி யாங்கூன் நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்தார். அந்த வேலையின் அருமை நமக்குப் புரிய வேண்டுமானால் அந்த ஊர் வண்டிகளின் கோளாறு தெரிய வேண்டும். அங்கே சாலையின் வலப்பக்கம்தான் போக வேண்டும். ஆனால் ஓடியதெல்லாம் ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள், ஸ்டீயரிங்கும் வலப்பக்கமே. டிரைவர் நடைபாதையை ஒட்டி ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். முன்னால் ஊர்கிற லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் இடப்பக்கமாக ஏற வேண்டும். அங்கே எதிரில் யமன் வந்தாலும் அவருக்குத் தெரியாது. அதனால் காசி இடப்பக்க ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டிப் பார்த்து, "ஸ்வே!" என்று குரல் கொடுப்பார். பர்மியத்தில் 'இழு, போ' என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்கு அவ்வளவு பெரிய வண்டியும் சீறிக்கொண்டு கிளம்பும்.

டிரைவர் பீர் முகைதீன். "பாய்க்குக் கை, எனக்குக் கண்ணு. நாங்க ரெண்டு பேரும் சேந்தாத்தான் ஒரு டிரைவர்" என்று காசி டீக்கடை டீக்கடையாகச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வார். பாய் வெற்றிலையை மென்றபடி சும்மா சிரிப்பார்.

காசியின் கனவு மட்டும் பேருந்து அல்ல, மோட்டார் சைக்கிள். யாங்கூன் நகருக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தடை. கிடைக்காத பொருள் மேல்தான் மனுஷனுக்குக் கிறக்கம் வரும் போலிருக்கிறது. ஜன்னலில் தொங்கியபடியே அவர் மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருப்பார். நகர நடுவிலுள்ள பபேடான் தெருக்களில் கடைகள் எல்லாம் சாத்தியிருக்கும், ஆள் நடமாட்டம் இருக்காது, வண்டி சத்தமே போடாது. மேல்மாடிகளில் காய்கிற துணிகள் அவர் தலைக்கு மேல் மெல்ல ஆடும். பள்ளிவாசலைத் தாண்டிக் கோயிலைத் தாண்டி ஆற்றங்கரை வரைக்கும் ஒரே வழுக்கல். அந்தக் கனவு வண்டிக்குப் பிரேக்கே கிடையாது, ஏனென்றால் ஒரு நாளும் அது தேவைப்பட்டதில்லை.

பிறகு பேருந்துகளை எல்லாம் மாற்றினார்கள். புது வண்டி வந்தது. கண்டக்டர் வேண்டாம் என்றார்கள். பாய் மாவ்பியில் மருமகனின் டயர் கடைக்குப் போய்ச் சேர்ந்தார். காசி நகரத்திலேயே கொஞ்ச காலம் இந்த வேலை அந்த வேலை என்று முட்டிப் பார்த்துவிட்டு, வாடகை குறைவு என்று அவரும் மாவ்பிக்கே குடிவந்தார். யாங்கூனுக்கு வடக்கே வயலும் சந்தையுமான ஊர். அங்கே வந்து இறங்கிய அன்று அவர் கண்ணில் முதலில் பட்டது, தெருவெல்லாம் மோட்டார் சைக்கிள். மனுஷன் மூட்டையைக்கூட இறக்காமல் அப்படியே நின்றுவிட்டார். தடையே இல்லாத ஊர்!

ஒரு பழைய சீன வண்டியை வாங்கினார். அம்மன் கோயிலில் பூஜை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, இரண்டு பக்கக் கண்ணாடிகளிலும் மல்லிகைச் சரத்தைச் சுற்றினார். பர்மியர்கள் வண்டியில் நாவல் தழை செருகுவார்கள், அதனால் நல்லது நடக்கும் என்பார்கள். அதையும் விடுவானேன் என்று அதையும் செருகினார். கண்ணாடிகள் தேர்போல ஆகிவிட்டன. அதில் சாலை மட்டும் தெரியவில்லை. அது அவருக்கு ஒரு குறையாகவும் படவில்லை.

ஓட்டப் பழகியது சந்துக்குள் போய்வந்த அளவில்தான். அந்தத் தெம்பில் ஒரு நாள் சந்தை வாசலில் போய் நின்று, "ஏறு அன்னம், இனிமே நீ நடக்கக் கூடாது" என்றார். அவளுக்கும் உள்ளூர சந்தோஷம்தான். கொண்டைப் பூ கசங்கும் என்று ஹெல்மெட்டை வேண்டாமென்றாள். ஒரு பக்கமாக உட்கார்ந்து வடைக் குண்டானை மடியில் வைத்துக்கொண்டாள்.

சந்தைத் தெரு நெடுஞ்சாலையில் முட்டும் இடத்தில் காசி வண்டியை நிறுத்தினார்.

"நான் வலது பக்கம் பாத்துக்கறேன். நீ இடது பக்கம் பாரு. வழி இருந்தா ஸ்வேன்னு சொல்லு, என்ன?"

"எனக்கு என்னங்க தெரியும்?"

"பெரிய வித்தையா இது? காலியா இருந்தாச் சொல்லு."

வேறு எந்த ஊர்க்காரரும் இப்படி ஒரு காரியம் செய்திருக்க மாட்டார். காலமெல்லாம் இன்னொருவர் ஓட்ட, தான் பார்த்த மனிதர், ஓட்டுகிற இடத்துக்கு வந்ததும் பார்ப்பதற்கு ஒரு ஆளைத் தேடிக்கொண்டார்.

அவள் பார்த்தாள். மூங்கில் லாரி ஒன்று வெகு தூரத்தில் வந்துகொண்டிருந்தது. "ஸ்வே" என்றாள். காசி கிளம்பினார், பேருந்து கிளம்புகிற தோரணையிலேயே, நிதானமாக, ராஜாவாட்டம். பேருந்து மூக்கை நீட்டினால் ஊரே பிரேக் போடும். மோட்டார் சைக்கிளுக்கு யார் போடுவார்கள்? லாரி அலறிக்கொண்டு வந்தது. காசி ஹேண்டிலை ஒடித்தார். இருவரும் ஓரத்துச் சேற்றுக் குழியில் விழுந்தார்கள். குண்டான் உருண்டு நடுச் சாலைக்குப் போயிற்று. லாரிச் சக்கரம் அதைத் தட்டையாக்கிவிட்டுப் போனது.

அன்னபூரணியின் முழங்கை எலும்பு முறிந்திருந்தது. தலைக்கு ஒன்றும் ஆகாமல் போனது தெய்வச் செயல், வேறொன்றுமில்லை.

மாவுக்கட்டுப் போட்ட கையோடு அவள் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் காசிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கட்டு பிரித்த பிறகு சந்தைக்குப் பழையபடி நடந்தே போனாள். "ஏறு அன்னம், மெதுவாப் போறேன்" என்று அவர் கூப்பிட்டால், "நீங்க போங்க, நான் வந்துடறேன்" என்பாள். வெயிலில் தலைச்சுமையோடு அவள் முன்னால் நடப்பாள்; பின்னால் இவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். ஊரே வேடிக்கை பார்த்தது. என் மேல் இருந்த நம்பிக்கை அவளுக்கு விட்டுப்போச்சு என்று அவர் முடிவுகட்டிக்கொண்டார். நெஞ்சுக்குள் அது முள்ளாகக் கிடந்தது.

கனவும் மாறிவிட்டது. மத்தியானம் கண் அசந்தால், பழைய பேருந்து மூடுபனிக்குள் தானாகப் போய்க்கொண்டிருக்கும். உள்ளே ஜனம் நிறைந்திருக்கும், எல்லோரும் நல்ல தூக்கத்தில் இருப்பார்கள். இடது ஜன்னல் திறந்து கிடக்கும். அங்கே யாருமில்லை. அவர் அந்த ஜன்னலை நோக்கிக் கூட்டத்துக்குள் நீந்திக்கொண்டே இருப்பார், போய்ச் சேரவே மாட்டார்.

ஒரு நாள் டயர் கடைக்குப் போய் எல்லாவற்றையும் பாயிடம் கொட்டித் தீர்த்தார். "நான் சொன்னா நீங்க கண்ண மூடிக்கிட்டு இழுப்பீங்க பாய். ஒரு நாளாச்சும் நம்ம வண்டி உரசியிருக்குமா? அவளுக்குப் பாக்கத் தெரியலே, அவ்ளோதான்."

பாய் கையிலிருந்த டியூபைக் கீழே வைத்தார். "யோவ் காசி, நான் கண்ண மூடிக்கிட்டு இழுத்தேன்னு உனக்கு யார் சொன்னா?"

"பின்னே?"

"நீ ஸ்வேம்பே. நான் ஒரு முழம் மூக்க நீட்டி, எந்திரிச்சு எட்டிப் பாப்பேன். அப்பறந்தான் மிதிப்பேன். ஒவ்வொரு தடவையும் பாத்தேன்யா. வண்டி நிறைய உசுரு இருக்கு. ஸ்டீயரிங் புடிச்சவன் பாக்காம எப்பிடிய்யா போவான்?"

காசிக்கு முகம் செத்துப்போயிற்று. அத்தனை வருஷப் பெருமையும் ஒரே பேச்சில் காற்றுப் போன டயர்போல ஆகிவிட்டது. "என் கொரலுக்கு அப்ப மதிப்பே இல்லியா பாய்?" என்று கேட்டார்.

"இருந்துச்சு. நீ வேணாம்னு சொன்னா நான் பாக்கவே மாட்டேன், அப்பிடியே நிப்பேன். நிக்கறதுக்கு அடுத்தவன் சொல் போதும். போறதுக்குப் போதாது."

அன்றே பாய் அவரை ரைஸ் மில்லின் நெல் காயவைக்கும் களத்துக்கு அழைத்துப் போனார். அறுவடைக்கு இன்னும் நாள் இருந்ததால் களம் வெறிச்சென்று கிடந்தது. மழை விட்ட வானம் தரையில் தேங்கி நின்றது. மேகத்தின் மேல் ஓட்டுவதுபோல காசி அதன் மேல் சுற்றிச் சுற்றி வந்தார்.

பாய் முதலில் கண்ணாடிகளிலிருந்து காய்ந்த சரத்தை அவிழ்த்தார். "சாமி பூ ஹேண்டில் நடுவுல இருக்கட்டும். அங்கேருந்தே அம்மன் உன்னப் பாத்துக்குவா" என்று பக்தியாகவே அங்கே கட்டினார். பிறகுதான் பாடத்தை ஆரம்பித்தார். திரும்பும் முன் கண்ணாடியைப் பார், அதையும் நம்பாதே, தோளுக்கு மேல் ஒரு தரம் திரும்பிப் பார் என்றார். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடி, மணலிலும் ஈரத்திலும் முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காதே என்றார். ஹெல்மெட்டின் வாரைக் கட்டாமல் காசி கிளம்பப் பார்த்தபோது, "அத என்ன தொப்பின்னு நெனச்சியா?" என்று பிடரியில் ஒன்று போட்டார்.

"லாரிக்குப் பின்னால போறப்ப அவன் கண்ணாடியில அவன் மூஞ்சி உனக்குத் தெரியணும். தெரியலேன்னா உன்ன அவனுக்குத் தெரியலேன்னு அர்த்தம். அவன் இடது பக்கத்துல போய் ஒட்டிக்காதே. அந்தப் பக்கம் அவனுக்கு இருட்டு. உனக்குத் தெரியாததா?"

அது காசிக்குத் தெரியும். அந்த இருட்டில் உட்கார்ந்துதானே பிழைத்தார். ஆனால் அந்த இருட்டுக்குள் ஒரு சின்ன வண்டி, அதன் பின்னால் ஒரு பெண்ணும் இருக்கக்கூடும் என்று அவர் அதுவரை எண்ணியதே இல்லை.

வாய்ப் பழக்கம்தான் கடைசி வரை படுத்தியது. காலி இடம் கண்டால் தானாக "ஸ்வே" என்று கத்திவிடுவார். லைசென்ஸ் சோதனையில் எட்டுப் போடும்போதும் கத்தினார். அதிகாரி சிரித்துவிட்டு, வண்டி கோட்டைத் தாண்டாததால் கையெழுத்துப் போட்டார்.

லைசென்ஸோடு வீட்டுக்கு வந்தவர் அதை அன்னபூரணியிடம் காட்டவில்லை. அவள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அன்னம், அன்னிக்கு உன்னப் பாக்கச் சொன்னது என் தப்பு. ஓட்டுறவன்தான் பாக்கணும். இது எனக்கு இத்தன வயசுக்கப்பறம் பாய் சொல்லித்தான் தெரியுது."

முறம் நின்றது. அவள் நிமிரவில்லை. "நான் அந்த லாரியப் பாத்தேங்க" என்றாள். "பாத்துட்டுத்தான் ஸ்வேன்னேன். தூரமா இருக்குன்னு நெனச்சேன். உங்களக் கொன்னுருப்பேனே நானு." குரல் உடைந்தது. "திரும்ப ஏறுனா திரும்பவும் பாக்கச் சொல்வீங்க. நான் திரும்பவும் தப்பாச் சொல்லிடுவேன். அதான் ஏறலே."

காசிக்கு நெஞ்சே கரைந்துவிட்டது. இத்தனை நாளும் அவள் தன்னை நம்பவில்லை என்றல்லவா குமைந்துகொண்டிருந்தார்? இவள் தன்னையே நம்பாமல், சுமைக்கு மேல் சுமையாக அந்தப் பழியையும் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்திருக்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும், "இனிமே நீ எந்தப் பக்கமும் பாக்க வேணாம். உக்காந்திருந்தாப் போதும்" என்றார்.

மறுநாள் சந்தை கலைந்தபின் அவள் ஏறினாள். கொண்டையைத் தாழ்த்திப் போட்டு, ஹெல்மெட் வாரைக் கட்டி, கட்டியிருந்த பர்மியக் கைலியைச் சற்றே தூக்கி, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தாள். காலியான புதுக் குண்டானை முதலிலேயே தெரிந்த ரிக்‌ஷாவில் ஏற்றி அனுப்பியாயிற்று. நெடுஞ்சாலை முனையில் காசி நின்றார். இடம் பார்த்தார், வலம் பார்த்தார், மறுபடி இடம் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள்; அடிக்கட்டும் என்று நின்றார். நன்றாகக் காலியான பிறகு கடந்தார்.

அந்தப் பக்கம் வாய்க்கால் ஓரத்து மண் சாலை. இருபுறமும் நெல் பச்சை, அதற்கப்பால் வெள்ளையாக ஆவி பறந்துகொண்டிருந்தது. காற்றில் ஈர மண் வாசனை. வண்டியின் சத்தம் வெகு தொலைவில் யாரோ முணுமுணுப்பதுபோலக் கேட்டது. இது நிஜமா, மத்தியானத் தூக்கமா என்று அவருக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. அப்போதுதான் முதுகில் ஏதோ மெல்ல இடித்தது.

ஏதோ சொல்லக் குனிகிறாள் என்று நினைத்தார். "என்ன அன்னம்?" மறுபடி இடித்தது. அவள் ஹெல்மெட். பிறகு அது அவர் முதுகிலேயே சாய்ந்து, கனத்து, அங்கேயே தங்கிவிட்டது. இடுப்பைப் பிடித்திருந்த கைகள் தளர்ந்தன.

தூங்கிவிட்டாள்.

பின்னால் இருப்பவர் தூங்கினால் ஓட்டக் கூடாது. அதைப் பாய் சொல்லவில்லை. யாரும் சொல்லவும் வேண்டியதில்லை. காசி நழுவிய கைகளை ஒரு கையால் தன் வயிற்றோடு அணைத்துப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, மரநிழலில் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். எழுப்பியிருக்கலாம். வீடு அதோ தெரிகிற தூரம்தான். அவர் எழுப்பவில்லை. இரண்டு கால்களையும் அகலமாகத் தரையில் ஊன்றி, வண்டியையும் அவளையும் தாங்கிக்கொண்டு நின்றார்.

வழியில் போன ஒருவர், "வண்டி ரிப்பேரா?" என்று பர்மியத்தில் கேட்டார். காசி இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினார். கால் மரத்தது, தொடை நடுங்கியது. மனுஷன் அசையவில்லை.

வெகு நேரம் கழித்து முதுகில் ஒரு முனகல் கேட்டது. "வீடு வந்திருச்சாங்க?"

"இன்னும் வரல அன்னம். நீ தூங்கு."

அவள் சரியென்று மறுபடியும் தூங்கிப்போனாள்.