நிலவறை அடுப்பு

"சாய்க்காதே, சாய்க்காதே! என் சுவரைத் தேய்ச்சிடாதே!"

"தோனா அல்பர்த்தினா, சுவரு உங்களுதா எங்களுதான்னு அடுத்த மாசம் பேசிக்கலாம். இப்ப கொஞ்சம் வழி விடுங்க," என்றான் வில்மர்.

நிலவறைப் படிக்கட்டின் திருப்பத்தில் அடுப்பு சிக்கிக்கொண்டிருந்தது. மேல்படியில் வில்மர், கீழ்ப்படியில் அவன் மைத்துனன். நடுவில் அது, எண்ணெய் ஊறிய முதுகைக் காட்டிக்கொண்டு, வரமாட்டேன் என்று நின்றது. ஒருவழியாக வாசலுக்கு வந்ததும் வீட்டுக்காரம்மா அல்பர்த்தினா ஈரத்துணியால் அதைத் துடைத்தாள். குப்பை வண்டிக்குப் போகிற அடுப்பைத் துடைப்பதைப் பார்த்து வில்மரின் மனைவி யோலந்தா இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து சிரித்தாள்.

"சிரிடி. அழுக்கோட அனுப்புனா தெரு என்ன பேசும்?"

நியூ ஜெர்சியில் அந்த மூன்று மாடி மரவீட்டை வாங்கும்போது அல்பர்த்தினாவும் புருஷன் அர்மிந்துவும் வேலை செய்து செய்து ஓடாய்ப் போயிருந்தார்கள். அவன் கான்கிரீட் ஊற்றினான். அவள் ஆற்றுக்கு அப்பால் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தாள். முதல் தளம் தங்களுக்கு, மேலே இரண்டும் வாடகைக்கு. சமையல் நிலவறையில். அந்தத் தெருவின் போர்த்துகீசிய வீடுகள் எல்லாவற்றிலும் அப்படித்தான். மீன் வறுப்பதும் பூண்டு வதக்குவதும் கீழே. மேலே உள்ள சமையலறையில் லேஸ் விரிப்பும் மெழுகுப் பழங்களும்.

அர்மிந்து இறந்தபின் கூரை, வீட்டைச் சூடாக்கும் கொதிகலன், பனி தள்ளுவது எல்லாம் அவள் தலையில் விழுந்தது. பிள்ளைகள் இல்லை. இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்த வில்மருக்கே வீட்டை விற்பது, தான் முதல் தளத்தில் வாடகைக்கு இருந்துகொள்வது என்று முடிவாயிற்று. இன்னொருவர் கூடுதலாகத் தருகிறேன் என்றார். அவருக்கு வீடு காலியாக வேண்டும், எல்லோரும் வெளியேற வேண்டும். வேண்டாம் என்று அல்பர்த்தினா கதவைச் சாத்தினாள். ஆனால் வில்மருக்குக் கடன் தருவதாகச் சொன்ன வங்கி மாதக் கடைசிவரைதான் காத்திருக்கும். அதற்குள் நகராட்சி வந்து பார்த்து, வீடு குடியிருக்கத் தகுந்தது என்று சான்றிதழ் தரவேண்டும்.

சோதனைக்கு வந்தவர் மிஸஸ் பெட்டிஃபோர்ட். காலணிமேல் உறை மாட்டிக்கொண்டு மாடியெல்லாம் பார்த்துவிட்டு நிலவறைக்கு இறங்கினார். அடுப்பு, தொட்டி, கழிப்பறை, அர்மிந்து மதியம் படுத்துவந்த சோபா.

"இங்க யாரு குடியிருக்கா?"

"யாருமில்ல. இது நான் சமைக்கிற இடம்."

"மேலதான் சமையலறை இருக்கே?"

"அது பாக்கறதுக்கு."

மிஸஸ் பெட்டிஃபோர்ட் சோபாவையும் கழிப்பறையையும் மறுபடி பார்த்தார். மூன்று குடும்பத்துக்கு அனுமதி உள்ள வீட்டில் நாலாவது குடியிருப்பு என்று எழுதிவிட்டுப் போனார். அடுப்பு போகவேண்டும்.

அப்படித்தான் வில்மரும் மைத்துனனும் அதைத் தூக்கினார்கள். கேஸ் குழாய் வாயை வில்மரே மூடினான். கெட்டிக்காரன், கசிவே இல்லை. மறுபடி வந்த மிஸஸ் பெட்டிஃபோர்ட் அந்த மூடியைத் தொட்டுப் பார்த்தார்.

"யாரு மூடுனது?"

"நான்தான்," என்றான் வில்மர் பெருமையாக.

"லைசென்ஸ் இருக்கா?"

"கார் லைசென்ஸ் இருக்கு, மேடம்."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே மறுத்து எழுதினார். லைசென்ஸ் உள்ள பிளம்பர் பெர்மிட் வாங்கி மூடவேண்டும். பிளம்பர் வந்து மூடிவிட்டுப் போனார். ஆனால் அடுத்த சோதனைக்குக் கிடைத்த தேதி அடுத்த மாதம் பிறந்த பிறகு.

அன்று வில்மர் மாடிப்படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. "என் வாயாலதான் கெட்டுச்சு, தோனா."

"உன் வாய் கெடட்டும். எனக்குக் கால் இருக்கு."

அவள் தினமும் காலையில் நகராட்சிக்குப் போனாள். யாராவது தேதியை ரத்து செய்தால் அந்த இடம் தனக்கு வேண்டும். அலுவலக ஜன்னலுக்குப் பின்னிருந்த இளைஞன் முதலில் கடுகடுத்தான். பிறகு, "பாட்டி, ஃபோன்ல கேக்கலாமே," என்றான். "ஃபோன்ல என் மூஞ்சி தெரியாதே," என்றாள். பையிலிருந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்துச் சாப்பிடுவாள். அடுப்பு போனதிலிருந்து அவள் சமைக்கவில்லை. யோலந்தா கொடுத்தனுப்பும் சூப், இல்லாவிட்டால் ரொட்டி. மேல் அடுப்பைத் தொட மனம் வரவில்லை.

மாதம் முடிய இருந்த ஒரு புதன்கிழமை அந்த இளைஞன் அவளைப் பார்த்ததுமே கையசைத்தான். "வீட்டுக்கு ஓடுங்க. மத்தியானம் வர்றாங்க."

மிஸஸ் பெட்டிஃபோர்ட் நிலவறையைப் பார்த்தார். குழாய் மூடியைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு முதல் தளத்துச் சமையலறை. அடுப்பின் மேல் லேஸ். அடுப்புக் கதவில் கடைக்காரன் ஒட்டிய பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது.

"அம்மா, உண்மையைச் சொல்லுங்க. இன்னொரு அடுப்பை எங்க மறைச்சு வச்சிருக்கீங்க?"

"சத்தியமா இல்ல!"

"அப்ப எதுல சமைக்கிறீங்க?"

வாசலில் நின்ற வில்மரின் முகம் வெளுத்தது. அல்பர்த்தினா அவனைப் பார்த்தாள். பிறகு மெழுகுப் பழங்களைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள். லேஸை மடித்தாள். உறையை நகத்தால் கிழித்தாள். வாணலியை வைத்து ஆலிவ் எண்ணெயை ஊற்றினாள், எப்போதும் கீழே ஊற்றும் அளவுக்கே. பூண்டு, வெங்காயம், அலசிப் போட்ட உப்புக் கருவாடு. இவ்வளவு வருஷம் காத்திருந்ததற்கு வட்டியும் முதலுமாக அடுப்பு எரிந்தது. புகை கூரையை முட்டியது.

புகை அலாரம் அலறியது. கூடத்தில் ஒன்று, மாடிப்படியில் ஒன்று, மேலே ஒன்று, எல்லாம் சேர்ந்து. மூன்றாம் மாடி நர்ஸ் இரவுப்பணி முடித்துத் தூங்கியவள், கம்பளியோடு ஓடிவந்தாள். "என்ன எரியுது? யாரு செத்தா?"

"யாரும் சாகல. மத்தியானச் சாப்பாடு," என்றாள் அல்பர்த்தினா.

மிஸஸ் பெட்டிஃபோர்ட் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்: "மூணாம் மாடி வரைக்கும் கேட்டுச்சா?"

"செத்தவனுக்கே கேட்டிருக்கும்!" என்றாள் நர்ஸ்.

"நல்லது. அலாரத்தைத் தனியாச் சோதிக்க வேண்டியதில்ல." ஜன்னலைத் திறந்துவிட்டு, சமையல் மேடைமேலேயே தாளை வைத்துக் கையெழுத்திட்டார். போகும்போது வாணலியை எட்டிப் பார்த்தார். "இதுக்காகத்தான் கீழ சமைச்சீங்களா?"

"இதுக்காகத்தான்."

"எனக்கும் புரியுது இப்ப," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் வியாழக்கிழமை, மழை. காலையில் வில்மர் சான்றிதழை வக்கீலிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனான். வங்கியிலிருந்து வெள்ளிக்கிழமை கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட வரச் சொன்னார்கள். அல்பர்த்தினா பழக்கத்தில் நிலவறைக்கு இறங்கி, விளக்கைப் போட்டு, அணைத்துவிட்டு மேலே வந்தாள். கூரையிலும் அலமாரியிலும் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தாள். பதினோரு மணிக்குக் கீரை சூப் வைத்தாள். யோலந்தாவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தாள். லேஸ் விரிப்பு துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது.