பட்டாணி டப்பா

என் இரண்டு செம்மறிக் குட்டிகளின் காதிலும் ஒரே மாதிரி வெட்டு இருக்கிறது. அதை நான் வெட்டவில்லை. யார் வெட்டியது என்று கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவள் நான். இந்த ஒன்றைச் சொல்ல மட்டும் எனக்குக் கூச்சமே வருவதில்லை.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு செம்மறி. இரட்டைக் குட்டி போட்ட மறுநாள் அது செத்துப்போனது. வெள்ளாட்டுப் பால் வாங்கிப் புட்டியில் ஊட்டித்தான் குட்டிகளைப் பிழைக்க வைத்தேன். பால் மறக்கிற பருவத்தில் இரண்டும் எலும்பாகிவிட்டன. மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனேன்.

"பிண்ணாக்கு விக்கிற வெலைக்கு உங்களால முடியாதுங்கம்மா" என்றார் டாக்டரம்மா. "பருப்பு மில்லுல ஒடஞ்ச பட்டாணி கம்மி வெலைக்குக் கெடைக்கும். அதுலயும் ஒடம்பு புடிக்கிற சத்து இருக்கு. மொதல்ல ஒரு கை போடுங்க, பழக்கிக்கினே ஏத்துங்க. ஒரேடியா கொட்டிடாதீங்க, வயிறு உப்பிக்கும்."

கள்ளக்குறிச்சியில் ஒரு மில்லில் வாங்கி வந்தேன். குட்டிகள் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. தவிட்டில் பிசறினேன். விரலில் ஒட்டி வாய்க்குள் வைத்தேன். பல நாள் கெஞ்சிய பிறகுதான் மென்றன. ருசி கண்ட பிறகோ விடவில்லை. பழைய பால் பவுடர் டப்பாவில் பட்டாணியைப் போட்டு ஆட்டினால் போதும், எந்த வேலியோரம் மேய்ந்தாலும் பறந்து வரும். தொடை திரண்டது. மயிர் மினுமினுத்தது.

அதைப் பார்த்துச் சிரித்தவன்தான் அவன். நான் கூலிக்குப் போகிற நிலத்தின் சொந்தக்காரன். நேரில் 'நீங்க, வாங்க' என்றுதான் சொல்வேன். எழுதும்போது எனக்கு என்ன?

"இன்னாமே, ஆட்டுக்குப் பட்டாணியா? தேங்கா பத்த, மாங்கா பத்த போட்டியா? பீச்சுல கொண்டுபோயி வித்தா நல்லா போவும்!"

களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது. அவன் கண் குட்டிகள் மேலேயே இருந்தது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் குட்டிகள் அவன் மக்காச்சோளத்தில் புகுந்துவிட்டன. அவன் ஓட்டிக்கொண்டுபோய்த் தன் பட்டியில் அடைத்துவிட்டான். மறுநாள் போய் வாசலில் நின்றேன்.

"இன்னாமே நிக்கற? ஒன் குட்டியா? இங்க ஏது ஒன் குட்டி? காதப் பாரு."

பார்த்தேன். எங்கள் பக்கம் ஆட்டுக்கு அடையாளம் காதில்தான். ஒரு வூட்டுக்காரர் நுனியை அறுப்பார், இன்னொருவர் ஓரத்தைப் பிளப்பார். என் குட்டிகளுக்கு நான் வெட்டவில்லை. புட்டியில் வளர்த்ததை அறுக்க மனசு வரவில்லை. இரண்டே இரண்டு, யார் மாற்றிச் சொல்லப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். அவன் பட்டி ஆடுகளுக்கு இருக்கிற அதே வெட்டு இப்போது என் குட்டிகளின் காதில் இருந்தது. ரத்தம் இன்னும் காயவில்லை. கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

என்னோடு களையெடுக்கிறவள் கொதித்தாள். "யக்கா, பஞ்சாயத்து வையி. நான் பேசறேன்."

"வேணாம்டி. ஆடி பொறக்கட்டும்."

ஆடி மாசக் கோயில் கறிக்காக அவன் பட்டி ஆடுகளை வாங்க உளுந்தூர்பேட்டையிலிருந்து வியாபாரி வருஷா வருஷம் வண்டி கொண்டுவருவார். பால் சொசைட்டி முன்னால்தான் ஏற்றுவார்கள். ஊரே வேடிக்கை பார்க்கும். ஊர் பார்க்கத்தான் எனக்கு வேண்டும்.

அதுவரை அவன் நிலத்திலேயே குனிந்து களையெடுத்தேன். அவன் பட்டிப் பக்கமிருந்து காற்று அடிக்கும்போதெல்லாம் என் குட்டிகள் கத்துவது காதில் விழும். டப்பாவை எடுக்கவில்லை. ஒரு தரம் ஆட்டினால் அவன் உஷாராகிவிடுவான். ஆனால் ஒரு பயம் என்னைத் தின்றது. சத்தத்தைக் குட்டிகள் மறந்துபோனால்? மறந்தால் அவை கறியாகிவிடும். நான் வாயில்லாதவளாகவே சாவேன்.

வண்டி வந்தது. டப்பாவை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு கூட்டத்தின் ஓரமாக நின்றேன். ஆடுகளைப் பலகைமேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் குட்டிகள் ஏற்கெனவே மேலே இருந்தன.

ஆட்டினேன்.

முதலில் ஒன்றுமில்லை. முந்தானை மூடியிருந்ததில் சத்தம் சரியாக வரவில்லை. வெளியே எடுத்து இன்னொரு தரம், ஓங்கி ஆட்டினேன். வண்டிக்குள் ஒரு கத்தல். மற்ற ஆடுகளின் முதுகில் ஏறி மிதித்து இரண்டும் கீழே குதித்தன. ஏற்றுகிறவன் காலைப் பிடித்தான், உதறிவிட்டு வந்தன. வந்த வேகத்தில் என் இடுப்பில் முட்டி டப்பாவுக்குள் வாயை விட்டன.

"பட்டாணின்னா எந்த ஆடும்தான் வரும்!" என்று அவன் கத்தினான்.

"அப்ப ஒங்க ஆடுங்க ஏங்க வரல?" என்றாள் என் கூட்டாளி.

வியாபாரி முன்னால் வந்தார். என் டப்பாவிலிருந்து ஒரு கை அள்ளி அவன் ஆடுகளிடம் ஒவ்வொன்றாக நீட்டினார். எல்லாம் முகர்ந்தன, முகத்தைத் திருப்பிக்கொண்டன. அதே கையை என் குட்டிகளிடம் நீட்டினார். நக்கித் துடைத்துவிட்டன.

"பழக்காத தீனியில ஆடு மொத நாளே வாய் வெக்காதுப்பா. இது அந்தம்மா கைல வளந்த குட்டி" என்றார். "காத அறுத்தது நீ. மத்ததும் யாருதோ? எனக்கு வேணாம்."

எல்லாவற்றையும் இறக்கச் சொல்லிவிட்டுக் காலி வண்டியோடு போய்விட்டார். அந்த ஆடி முழுக்க வேறு யாரும் அவன் பட்டிக்கு வரவில்லை. தீனி போட்டு அவனே வைத்துக்கொண்டான்.

"தேங்கா மாங்கா போட்டீங்களாண்ணா?" என்று டீக்கடையில் இன்றும் அவனைக் கேட்கிறார்கள். நான் கேட்டதில்லை. அவன் முகத்துக்கு நேரே எனக்கு வாய் வராது.

அவன் நிலத்துக்குக் கூலிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். சாயங்காலம் குட்டிகளை ஓட்டிவரும்போது அவன் வூட்டு வழியாகத்தான் வருகிறேன். சுற்று வழிதான். அவன் வாசல் வந்ததும் டப்பாவை எடுத்து ஓங்கி ஆட்டுகிறேன். ஆட்ட வேண்டிய அவசியமே இல்லை. குட்டிகள் என் காலடியில்தான் நிற்கின்றன. கதவுக்குப் பின்னால் அவன் இருமுவது கேட்கும். இன்னொரு தரம் ஆட்டிவிட்டுத்தான் நகர்வேன்.