அழுங்குக்கு ஒரு சாக்கு

மராத்தி வழங்கும் போபோடியில் பிறந்து வளர்ந்தவள் நான். மராத்தி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று எல்லோரிடமும் பீற்றிக்கொள்வேன். ஒரே ஒரு குறை. அந்த மொழியில் அடிவயிற்றிலிருந்து காற்றை விட்டுச் சொல்லும் 'க' ஒன்று உண்டு. அது என் வாயில் வரவே வராது. வீட்டில் பேசும் தமிழில் அதற்கு வேலையே இல்லை. பள்ளிக்கூடத்தில் இதற்காகவே "யண்டுகுண்டு" என்று, தென்னாட்டாருக்கு வைக்கும் கேலிப் பெயரால் கூப்பிட்டுச் சிரிப்பார்கள். இன்றைக்கும் என் பேச்சைக் கேட்டு யாராவது சிரித்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

இப்போது குடியிருப்பது ஊர் ஓரத்தில், குன்றடியில் கட்டிய அடுக்ககத்தில். பக்கத்து மனைக்காக ஜேசிபி குன்றைக் குடைந்துகொண்டிருந்த நாட்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காகா, அதாவது சித்தப்பா, என்று நாங்கள் கூப்பிடும் வாட்ச்மேன் வந்து கதவைத் தட்டினார். பம்ப் அறைக்குப் பின்னால் கவ்லே மாஞ்சர் ஒன்று அடிபட்டுக் கிடக்கிறது என்றார். எனக்கு வராத அந்தக் 'க'வில் தொடங்கும் கவ்லே என்றால் செதில், மாஞ்சர் என்றால் பூனை. செதில் பூனை. தமிழில் அதற்கு அழுங்கு என்று பெயர் இருப்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பந்தாகச் சுருண்டு கிடந்தது. ஓடு வேய்ந்த மாதிரி உடம்பெல்லாம் பழுப்புச் செதில். ஒரு பக்கம் பெயர்ந்து ரத்தம் கசிந்தது. மூச்சு விடும்போது மட்டும் அந்தப் பந்து லேசாக விரிந்து சுருங்கியது. ஐயோ, பாவம் என்று இருந்தது.

"செதிலுக்காகவே இதைக் கொன்னுடுவாங்க, தாயி. வனத்துறைக்குப் போன் போடு. நான் பேசினா மதிக்க மாட்டாங்க, நீ படிச்சவ," என்று சொல்லிவிட்டுக் காகா கேட்டுக்குப் போனார்.

போன் போட்டேன். "கவ்லே மாஞ்சர் வந்திருக்கு," என்றேன்.

"காவ்ளேயா? மாஞ்சரா?"

காவ்ளே என்றால் காக்காய்கள். மறுபடி சொன்னேன். அவசரத்தில் இன்னும் மோசமாக வந்தது.

"காக்காயும் பூனையும் சண்டை போடுதா மேடம்? அதுக்கெல்லாம் நாங்க வர முடியுமா?" என்று அந்த ஆள் சிரித்தார்.

எறும்பு தின்னும் பிராணி என்று இந்தியில் ஒரு வரி சொல்லியிருக்கலாம். ஒரு போட்டோ அனுப்பியிருக்கலாம். "சிரிக்கிறதுக்கா நான் போன் பண்ணேன்? வை போனை!" என்று கத்திவிட்டு நானே வைத்தேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

அதற்குள் யாரோ வாட்ஸாப்பில் படம் போட்டுவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். மலைமேல் கொண்டுபோய் விட்டுவிடுகிறோம் என்றார்கள். "இவனுங்க யாருன்னே தெரியலையே," என்று காகா முணுமுணுத்தார். "நீங்க சும்மா இருங்க காகா, இவங்களாவது வந்தாங்களே," என்று அவர் வாயை அடைத்தேன். அந்தப் போன்காரனை ஜெயித்துவிட்ட அற்ப சந்தோஷம் எனக்கு.

"சாக்கு இருக்கா தாயி?" என்று வந்தவர்களில் ஒருவன் கேட்டான்.

மேலே ஓடிப்போய்ப் பொன்னி அரிசிச் சாக்கை உதறி எடுத்துவந்தேன். எலி கடித்த ஓட்டையைச் சிவப்பு நூலால் நான் தைத்து வைத்திருந்த சாக்கு. அவர்கள் தூக்கிப் போட வசதியாக அதன் வாயை விரித்துப் பிடித்ததும் நான்தான். நன்றி வேறு சொன்னேன்.

பைக் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. போன் அடித்தது. அதே குரல், சிரிப்பில்லாமல்.

"மேடம், நீங்க சொன்னது கவ்லே மாஞ்சரா? செதில் உள்ளதா? தப்பா எடுத்துக்கிட்டேன், மன்னிச்சிடுங்க. யாரும் அதைத் தொட வேண்டாம். நாங்க கிளம்பிட்டோம்."



வந்த வனத்துறைக்காரர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சிவப்புத் தையல் உட்பட. மூன்று வாரம் கழித்து அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசைமேல் அந்தச் சாக்கு கிடந்தது. உங்களுடையதா என்றார் அதிகாரி. ஆமாம் என்றேன். அவர் அதைக் கவிழ்த்தார். காய்ந்த நகங்களைப் போலக் கலகலவென்று கொட்டியது.

வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தவர், உள்ளே இருந்தது என்ன என்று தலை நிமிராமல் கேட்டார்.

"கவ்லே," என்றேன்.

அடிவயிற்றிலிருந்து, காற்றோடு வந்தது அந்தக் 'க'. அவர் திருப்பிக் கேட்கவில்லை, எழுதிக்கொண்டார்.