பாவும் கிட்டாரும் பார்த்த பத்து விரல்கள்

பட்டு நெசவில் முதலாளி முதலில் பார்ப்பது தறியை அல்ல, நெய்கிறவன் விரலை. அந்த விரலோடு, முப்பது வயதில், ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டில் உட்கார்ந்து நான் கிட்டார் கற்க ஆரம்பித்தேன். என்னைப் போல் மாட்டிக்கொண்டவர்கள் எங்காவது இருப்பீர்கள், உங்களுக்காக எழுதுகிறேன். யாரும் இல்லையென்றாலும் எழுதத்தான் போகிறேன்.

கீழிருந்து மேலே

எழுபத்தொன்பதாம் வருடம் வேலூரில் ஒரு பழைய கிட்டார் வாங்கினேன். கூடவே ஓர் இங்கிலீஷ் புத்தகமும் கொடுத்தார்கள். எழுத்து புரியவில்லை, படம் நன்றாகப் புரிந்தது. நெடுக்கே ஆறு கோடு, குறுக்கே சில கோடு, நடுவே கரும்புள்ளிகள். புடவைக் கரைக்கு டிசைன் போடும் கட்டத்தாள் மாதிரியே இருந்தது. இதில் எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்?

கட்டத்தாளை நாங்கள் கீழ்வரியிலிருந்துதான் மேலே படிப்போம், துணி அப்படித்தானே வளர்கிறது. நாலு மாதம் ஒவ்வொரு படத்தையும் அப்படியே படித்து, புள்ளி சொன்ன இடத்தில் விரலை வைத்தேன். சத்தம் கர்ணகொடூரமாக வந்தது, கிட்டார் என்றால் இப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டேன். ஆடித் திருவிழாவுக்குக் கச்சேரி செய்ய வந்த கிட்டார்காரத் தம்பியிடம் வாசித்துக் காட்டினேன். அவர் என் விரலையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாண்ணே, புடவையா நெய்யறீங்க? மேலர்ந்து படிங்க!"

முடிச்சு

ஒருநாள் கம்பி அறுந்தது. அறுந்ததை முடிச்சுப் போட்டு இணைப்பதுதானே என் பிழைப்பு? பட்டு இழைக்குப் போடும் முடிச்சைப் போட்டு முறுக்கேற்றினேன். கம்பி நழுவி என் மோவாயில் சுளீரென்று அடித்தது. தறிக்கு ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்த என் மனைவி சாந்தா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அதுக்கும் உங்களைப் பிடிக்கலை போல."

பிசிறு

ஆறாவது மாதம் இடது கை விரல் நுனிகள் காய்த்துப்போயின. கிட்டார்காரனுக்கு அது பெருமை, நெசவுக்காரனுக்கு ஆபத்து. அறுந்த இழையைத் தேடி விரல், தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு இழைகளின் மேல் ஓடும்போதெல்லாம், காய்ப்பில் பட்டு மாட்டிப் பிசிறு கிளம்பியது.

ஆரணியில் முதலாளி என் புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துப் பார்த்தார். பதினைந்து வருடம் அவருக்காகவே உழைத்த கை. எனக்கு அவமானமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது. நெய்வதற்கு அவரிடமிருந்து பாவு கிடைக்காவிட்டால் வீட்டில் உலை வைக்க முடியாது என்ற பயமும் இருந்தது. அவர் குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "ரெண்டுல ஒண்ணை வுட்டுடு. அடுத்த புடவையில ஒரு பிசிறு கண்டேன்னா உனக்குப் பாவு கிடையாது."

உறை

காய்ப்பைக் கல்லில் தேய்த்தேன், கம்பி மறுபடி தோலை அறுத்தது. எண்ணெய் தடவலாம் என்றார்கள், பட்டில் கறை பட்டால் அதோடு கதை முடிந்தது. கிட்டாரை விற்றுவிடுங்கள் என்று தெருவே சொன்னது. சொல்லச் சொல்ல எனக்கு வீம்புதான் ஏறியது. விற்க மாட்டேன், தறியை விட்டும் எழுந்திருக்க மாட்டேன் என்றேன்.

சாந்தா பழைய பட்டுத் துண்டொன்றை வெட்டி, என் விரல் நுனிக்கு நாலு உறை தைத்தாள். பட்டின் மேல் பட்டு மாட்டாது, வழுக்கிக்கொண்டு போகும். உறையோடு இழை தேடுவது பெரும் பேஜார். எட்டு நாளில் நெய்கிற புடவைக்குப் பதினைந்து நாள் ஆனது. "வேணாம்னா நிறுத்திடுங்க, என் மேல பழி போடாதீங்க" என்றாள். ஆனாலும் ஓர் உறை கிழிந்ததும் மறுநாளே இன்னொன்று தைத்து வைத்திருந்தாள்.

முதலாளி புடவையை முழுதும் விரித்து, முந்தானை முதல் கடைசி வரை புறங்கையால் தடவினார். ஒரு பிசிறும் இல்லை. "வுட்டுட்டியா?" என்றார். "இல்லீங்க" என்று காய்த்த நாலு விரலையும் அவர் முன்னால் நீட்டினேன். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு புதுப் பாவை எடுத்து என் தோளில் போட்டார். "இத்தினி பேஜாருக்கு ஒரு பாட்டாவது முழுசா வாசிக்கக் கத்துகினு வா."

அதற்குப் பிறகு எத்தனையோ பாவு நெய்து இறக்கிவிட்டேன், பாட்டு மட்டும் இன்னும் பாதியில்தான் நிற்கிறது, ஆனால் அந்தப் பாதியை எவர் சொன்னாலும் நிறுத்துவதாக இல்லை.