எல்லோரும் சேர்ந்து போட்ட வேலி

போன மாதம் ஒரு கூட்டத்துக்குப் போய் வந்தேன். ஏசி போட்ட ஹால். கண்ணாடிக் கதவு. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். மண்ணையும் ஏரியையும் காப்பாற்றுவது எப்படி என்று பேசத்தான் அத்தனை ஏற்பாடும்!

சுவரில் பெரிய பேனர். ‘நீடித்த வேளாண்மைக்கு அனைவரும் கைகோர்ப்போம்.’ நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் வரவேற்புரையே முடிந்துவிட்டது.

வருகைப் பதிவுக்கு ஒரு பையன் மைப்பெட்டியை நீட்டினான். பேனாவைக் கேட்டு வாங்கி, முனியம்மா என்று ஐந்து எழுத்தையும் நிதானமாகப் போட்டேன். பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். நிற்கட்டும்.

எங்கள் ஊர் ராயக்கோட்டைக்கும் ஓசூருக்கும் நடுவில் இருக்கிறது. ரோட்டோரம் ஏரி. ஏரிக்கு அந்தப் பக்கம் எங்கள் நிலங்கள். ஏரிக்கு ஒரு பக்கம் கம்பெனிச் சுவர், இன்னொரு பக்கம் பிளாட் போட்டு நட்ட கற்கள். ஆடு மாடு இறங்க ரோட்டுப் பக்கம் ஒன்றுதான் வழி. இந்தக் கூட்டம் நடந்ததும் அதே கம்பெனியில்தான்.

அங்கே எனக்கு என்ன வேலை? ஏரியைக் காப்பாற்ற ஒரு குழு இருக்கிறது. கம்பெனி, ஊராட்சி, விவசாய ஆபீஸ், ஒரு தொண்டு நிறுவனம், பசுமைக் குடிலில் ரோஜா வளர்க்கும் முதலாளி — எல்லாத் தரப்பும் உண்டு. விவசாயி தரப்புக்கும் ஒரு ஆள் வேண்டுமே? அதிலும் பெண்ணாக இருந்தால் போட்டோவுக்கு நல்லதாமே? அப்படி வந்தது எனக்கு நாற்காலி.

இந்தக் குழு முதலில் செய்த காரியம், ரோட்டோரம் ஏரிக்கு முள்கம்பி வேலி போட்டது. ஊர்க் குப்பையையும் கம்பெனிக் கழிவையும் லாரியில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள், அதைத் தடுக்க வேண்டும் என்றார்கள். நியாயம்தானே? நானும் தலையாட்டினேன். வேலிக்கு உள்ளே கன்றுகள் நட்டார்கள். பாதிக்கு மேல் காய்ந்துவிட்டன. வேலி மட்டும் நன்றாகத் தழைத்திருக்கிறது.

அது மழை முடிந்த காலம். மாரப்பனின் மந்தை அப்போது அஞ்செட்டி மலைப் பக்கம் இருந்தது. அதனால் அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

மாரப்பன் செம்மறி மேய்ப்பவன். கோடையில் மந்தையோடு கீழே இறங்குவான். பகலில் ஏரியில் மேய்ச்சல். இரவில் எங்கள் நிலங்களில் பட்டி போடுவான். இன்றைக்கு இந்தத் துண்டு, நாளைக்கு அடுத்த துண்டு என்று பட்டியை நகர்த்திக்கொண்டே போவான். புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். அதன்மேல் மழை விழுந்தால், அந்த வருஷம் ராகியும் அவரையும் விளைவதைப் பார்க்க வேண்டும்! என் நிலம் செம்மண், சரளை வேறு. யூரியா மூட்டையையும் அதில் கொட்டிப் பார்த்தவள்தான் நான். கொட்டிய வருஷம் காட்டும், மறு வருஷம் பல்லை இளிக்கும்.

இந்த வருஷமும் மாரப்பன் வந்தான். வேலியைப் பார்த்து நின்றுவிட்டான். மந்தை ரோட்டோரப் புளியமரத்தடியில் ஒடுங்கிக் கிடந்தது. ஒரு பக்கம் லாரிகள். இன்னொரு பக்கம் கம்பிக்குள் தண்ணீர்… ஆடுகள் அதைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தன.

“கம்பிய ரெண்டு எடத்துல கத்தரிச்சி உட்டுடலாமா, அக்கா?” என்றான்.

“வேணாம் மாரப்பா. நான் அந்தக் குழுவுல இருக்கறவ. நாளைக்குக் கூட்டம் இருக்குது. மொறையா கேட்டு வழி வாங்கித் தரேன். நீயும் வா.”

“நாளைக்கு ஒரு நாளுதான் தாங்கும், அக்கா. குட்டிங்க நாக்கைத் தொங்கப் போட்டுருச்சி. இல்லன்னா ஆனேக்கல் பக்கம் ஓட்டிக்கினு போயிடுவேன். அங்க ஒரு கவுடரு வா வான்னு கூப்பிடறாரு.”

அவன் எல்லை தாண்டிக் கர்நாடகத்து ஆனேக்கல் போனால் என் நிலத்துக்கு இந்த வருஷம் பட்டி இல்லை. மழைக்கு முன்னால் வேறு மந்தை எங்கே தேடுவது?

மறுநாள் மந்தைக்குப் பெண்டாட்டியைக் காவல் வைத்துவிட்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தான் மாரப்பன். கம்பெனி கேட்டில் நிறுத்திவிட்டார்கள். செக்யூரிட்டி திருநெல்வேலிப் பக்கத்து ஆள்.

“உங்க பேரு லிஸ்ட்ல இருக்கு ஆச்சி, நீங்க போங்க. இவரு பாஸ் இல்லாம உள்ள போக முடியாதுல்லா?”

மாரப்பன் சிரித்தான். “ஆட்டைத்தான் உடமாட்டாங்கன்னு நெனச்சேன். ஆளையும் உடமாட்டாங்களா? நீ போய் கேட்டுக்கினு வா அக்கா. நான் இவருகிட்ட பீடி வாங்கிக் குடிக்கிறேன்.”

“இங்க பீடி குடிக்கக்கூடாதுவே!”

உள்ளே என் முறை வந்தது. சுற்றி வளைக்கவில்லை. வேலியில் ஓரமாக ஒரு படல் வைத்து வழி விடுங்கள், காலையில் திறந்து மாலையில் மூடிக்கொள்ளலாம் என்றேன்.

தொண்டு நிறுவனத்துப் பெண் சொன்னாள்: “ஆடு வந்தா கன்னையெல்லாம் தின்னுடும் பாட்டி.”

அவள் சொன்னது பொய்யில்லை. தின்னும்தான். “கன்னு பக்கம் போகாம ஓரமா ஒரு வழிதான் கண்ணு கேக்கறேன். அப்புறம், பாட்டி இல்ல… அம்மான்னு கூப்பிடு” என்றேன்.

கம்பெனி ஆபீசர்: “நாங்க கம்பி மட்டும்தாம்மா குடுத்தோம். முடிவெல்லாம் குழுவோடது.”

ஊராட்சித் தலைவர், நான் தூக்கி வளர்த்த பிள்ளை, குனிந்துகொண்டே சொன்னான்: “நான் ஒருத்தன் சொல்லி ஆவுமா பெரீம்மா? கம்பெனிக்காரங்க கோச்சிக்குவாங்க.” கம்பெனிக்காரர் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார்.

விவசாய ஆபீசர்: “ஆடுன்னா அது கால்நடைத் துறை. நம்ம டிபார்ட்மென்ட்ல வராது.”

ரோஜா முதலாளி தாராள மனசுக்காரர். “புழுக்கைதானே வேணும்? ஒரு லோடு அனுப்பறேன், விடுங்க.”

“எங்கிருந்துங்க வாங்குவீங்க?” என்றேன்.

“அதெல்லாம் ஏஜென்ட் பார்த்துக்குவான்.”

நான் விடவில்லை. “குழுன்னா யாருங்க? இங்க உக்காந்திருக்கிற நாமதானே?”

“ஆமாம்மா” என்றார் கம்பெனி ஆபீசர்.

“எல்லாரும்தான் இருக்கமே. இப்பவே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. வெளிய ஒருத்தன் நிக்கறான்.”

கூட்டத்தை நடத்திய ஆள் மைக்கைப் பிடித்தார். “அம்மா எவ்வளவு அருமையா, எதார்த்தமா பேசினாங்க! அவங்களுக்கு ஒரு பலத்த கைதட்டல் கொடுப்போம்!”

கொடுத்தார்கள். ரொம்ப நேரம் கொடுத்தார்கள். தட்டி முடித்ததும், இதை ஆராய ஒரு துணைக் குழு போடுவது என்று முடிவாயிற்று. உடனே டீ வந்தது.

உங்களுக்கும் இது நடந்திருக்கும். முடியாது என்று ஒருவர் சொன்னால், ஏன் முடியாது என்று சட்டையைப் பிடிக்கலாம். கைதட்டுகிறவர்களை என்ன செய்வீர்கள்? தனி ஒருவன் வேலி போட்டால் அவன் வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றலாம். எல்லோரும் கைகோர்த்துப் போட்ட வேலிக்கு யார் வாசலைத் தேடுவது? கோர்த்த கையை எடுத்துக் கதவைத் திறக்க ஒருவரும் தயாரில்லை. முதலில் கையை எடுத்தவன் மேல் பழி வருமே!

டீயைத் தொடாமல் வெளியே வந்தேன். மாரப்பன் என் முகத்தைப் பார்த்தான்.

“துணைக் குழு போட்டிருக்காங்க, மாரப்பா…”

“ஹோகலி பிடக்கா” என்றான் கன்னடத்தில். போகட்டும் விடு அக்கா என்று.

“இன்னும் ரெண்டு நாள் பொறுத்தேன்னா, நான் கலெக்டர் ஆபீசுக்கே…”

“நாக்கு வறண்ட குட்டிக்கு எந்தக் கலெக்டர் அக்கா தண்ணி காட்டுவான்? நேத்தே கத்தரிச்சிருந்தா இந்நேரம் உன் நெலத்துல பட்டி. நீதான் மொறைன்னே.” துண்டை உதறித் தோளில் போட்டான். “உன்னக் கொறை சொல்லல. ஆனா வேலி போட்ட அன்னைக்கி நீயும் அங்கதானே இருந்தே? நீயும் அவங்கள்ல ஒருத்திதானே?”

புளியமரம் வரைக்கும் அவன் பின்னாலேயே நடந்தேன்.

பொழுது சாய்வதற்குள் மந்தை புறப்பட்டுவிட்டது. ஒரு குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் பெண்டாட்டி பின்னால் போனாள். என்னிடம் அவள் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனேக்கல் கவுடர் நிலத்தில் இப்போது பட்டி நடக்கிறது என்று டெம்போ ஓட்டும் பையன் ஒருவன் வந்து சொன்னான். கவுடருக்கு நல்ல ராகி விளையட்டும். மண் எந்த மாநிலத்தில் இருந்தால் என்ன, மண்தானே? இப்படிச் சொல்லிக்கொண்டாலும் வயிறு எரியத்தான் செய்கிறது.

ரோஜா முதலாளி அனுப்புவதாகச் சொன்ன லோடு வரவில்லை. முதல் மழை வந்துவிட்டது. வெறும் சரளையில் ஏர் ஓட்டியிருக்கிறேன்.

நேற்று கம்பெனி ஆள் ஒருவன் அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு கொண்டுவந்தான். என்னப்பா விஷயம் என்று கேட்டேன். இயற்கை உரத் தட்டுப்பாட்டைப் பற்றிப் பேசப்போகிறார்களாம். எல்லாத் தரப்பும் கட்டாயம் வர வேண்டுமாம்.

போவேன். என் நாற்காலியைக் காலியாக விட்டால், அதில் உட்காரவும் ஒரு தரப்பு தயாராக இருக்கும்!