பூட்டிக் கிடந்த பட்டறை

யேசுதாஸ் பலகையை அறுக்கும் முன் விரல் முட்டியால் தட்டிக் காது வைத்துக் கேட்பார். "இது உள்ள பொக்கு. வோணாம்" என்று தூரப் போடுவார். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை ஓரம் அவருடைய பட்டறை. கம்பெனிச் சரக்குக்கு அடியில் வைக்கும் மரப் பேலட்டுகள் செய்கிறார். அளவு குறிக்கும் பென்சில் எப்போதும் காதில் செருகியிருக்கும். எதிரில் யார் நின்றாலும் "நைனா"தான். வரி அதிகாரிக்கும் அதே மரியாதை.

போன வருஷம் செவ்வாப்பேட்டையில் மச்சினி கல்யாணம். பட்டறையைப் பூட்டிக்கொண்டு போன அன்று பார்த்து ஜிஎஸ்டி இன்ஸ்பெக்டர் வந்தார். பூட்டைப் பார்த்தார். 'இவ்விடத்தில் தொழில் ஏதும் நடைபெறவில்லை' என்று எழுதிக்கொண்டு போனார். பதிவு எண் ரத்தானது. அந்த உத்தரவு பழைய ஆடிட்டரின் ஈமெயிலுக்குப் போயிற்று. அவரோ ஊரைவிட்டே போயிருந்தார். பல மாதம் கழித்து, "உங்க நம்பர் செத்துப்போச்சு, இனிமே சரக்கு எடுக்க முடியாது" என்று கம்பெனிக்காரர்கள் சொல்லித்தான் யேசுதாஸுக்கு விஷயம் தெரிந்தது.

புது ஆடிட்டர் சந்திரகலா அப்பீல் போட்டார். விசாரணைக்கு யேசுதாஸ் வெறுங்கையோடு போகவில்லை. தொழில் நடக்கிறது என்பதற்குச் சாட்சியாக ஒரு பேலட்டைத் தலையில் சுமந்து ஜிஎஸ்டி ஆபீஸின் மூன்றாவது மாடிக்கு ஏறினார்.

மேல்முறையீட்டு அதிகாரி அதைத் தடவிப் பார்த்தார். "நல்ல வேலை. நீங்க தொழில் பண்றது தெரியுது. ஆனா அப்பீல் கெடு தாண்டி வந்திருக்கு. ஒரு மாசம் வரைக்கும்தான் நான் மன்னிக்கலாம். அதுக்கு மேல கேஸையே தொறக்க எனக்கு அதிகாரம் இல்ல."

"ஆர்டர் வந்ததே தெரியாதவன் எப்டி நைனா டயத்துக்கு வருவான்?"

"நியாயம்தான்," என்றார் அதிகாரி, உண்மையாகவே வருந்தி. "அதையும் டயத்துக்கு வந்து சொல்லியிருக்கணும்."

தள்ளுபடி. திரும்பச் சுமக்கத் தெம்பில்லாமல் பேலட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். இப்போது அதன்மேல் கோப்புக் கட்டுகளை அடுக்கியிருக்கிறார்களாம். "வெள்ளம் வந்தாகூட நனையாது" என்கிறார் பெருமையாக. சிரிப்பு மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது.

ஆர்டர் இல்லாமல் இரண்டு ஆட்களை வேலையிலிருந்து நிறுத்தவேண்டி வந்தது. கடைசியில் மனைவி சுகிர்தா பெயரில் புதுப் பதிவுக்கு விண்ணப்பித்தார்கள். இன்ஸ்பெக்டர் பார்வையிட வரும்வரை பட்டறைக்குப் பூட்டே போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூட ஒருவர் மாற்றி ஒருவர்தான் போனார்கள்.

ஒருவழியாக இன்ஸ்பெக்டர் வந்தார். புதுசு, சின்ன வயசு. பட்டறை போர்டுக்குப் பக்கத்தில் சுகிர்தாவை நிற்கச் சொல்லி, படம் எடுக்க செல்போனைத் தூக்கினார். "ஓனர் மட்டும் நிக்கட்டும். ஏம்பா ஹெல்பர், கொஞ்சம் ஒதுங்கு."

யேசுதாஸ் ஒதுங்கினார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராய்த் திரும்பி வந்து, தன் காதில் இருந்த பென்சிலை எடுத்துச் சுகிர்தாவின் காதில் செருகிவிட்டுப் போனார்.